வீன்ஸ் வீட்டுத் தகரப்பேணி

தாழ்மையைப் பற்றிப் பெருமையடிக்கிற சனத்தை நீங்கள் இதுவரை பார்த்ததில்லை என்றால், ஜெர்மனியில் பீலபெல்டுக்கு வடக்கே எங்கள் ஊருக்கு ஒருதரம் வந்து போங்கள். தேவாலயம் என்றுகூட அவர்கள் சொல்லமாட்டார்கள், அது ஆடம்பரமாம். ஜெபவீடு என்பார்கள். அந்த ஜெபவீட்டு வாகனத் தரிப்பிடத்தில் ஒரு தேர்த்திருவிழாவே நடத்தலாம். பெண்கள் நகை போடுவதில்லை, முகத்துக்குப் பூசுவதில்லை, நீளப் பாவாடையும் தலைத்துணியுமாகப் போவார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு நிற்கிற வாகனம் பஸ் அளவு. வீடு சிவப்புக் கல்லில் மூன்று தட்டு. "நாங்கள் எளிய சனம்" என்று அந்த மூன்றாம் தட்டில் நின்றுகொண்டு சொல்வார்கள்.

மென்னோனைற் என்பது அவர்களுடைய சபையின் பெயர். என் பெயர் மரியரட்ணம், பாஷையூர்க்காரன், நானும் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கன்தான். ஆனால் அவர்கள் கணக்கில் நானும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவனும் ஒரே வண்டியில் நரகத்துக்குப் போகிற ஆட்கள். "துவக்குத் தூக்கமாட்டோம், சத்தியம் பண்ணமாட்டோம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை." இது அவர்களுடைய முன்னோர் பிடித்த பிடி. அதற்காகவே பிரஷ்யாவை விட்டு உக்ரேனுக்குப் போய், அங்கிருந்து கசகஸ்தானுக்கு ஏற்றப்பட்டு, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தார்கள். அந்த முன்னோரை நான் ஒரு சொல் குறைத்துச் சொல்லமாட்டேன். எங்கள் ஆட்களுக்கு அந்தப் புத்தியில் கால்வாசி இருந்திருந்தால் நான் இந்தக் குளிருக்குள் வந்து மூக்கு வடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. என் எரிச்சலெல்லாம் பேரப்பிள்ளைகளோடுதான். துவக்கைத் தொடமாட்டார்கள், வாயாலேயே சுடுவார்கள்.

அதில் முதல் ஆள் ஹைன்ரிக் வீன்ஸ். கிழமை நாளில் வீடு கட்டிக் கொடுக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கி. அவனுடைய தங்கச்சி யூலியாவைத்தான் எங்கள் கஜரூபன் கட்டியிருக்கிறான். கஜனும் நானும் ஒரே தொழிற்சாலை. குசினி அலுமாரி செய்கிற இடம். அவன் பலகைக்கு விளிம்பு ஒட்டுகிற மெசினில், நான் கதவுக்குப் பிணைச்சல் துளை போடுகிற மெசினில். யூலியா பொதி கட்டுகிற பக்கத்தில் நின்றாள். பசை வாசத்துக்குள்ளும் மரத்தூளுக்குள்ளும் காதல் வந்தது என்றால் நம்புவீர்களோ தெரியாது, வந்தது.

கல்யாணம் என்றதும் சபை யூலியாவின் பேரை வெட்டியது. எங்கள் பக்கம் மட்டும் என்ன திறம்? எசன் நகரில் இருந்து கஜனின் பெரியப்பா தொலைபேசியில் ஒப்பாரி வைத்தார். பிறகு யூலியா சேலை கட்டி ஹம் நகரத்து அம்மன் கோயில் தேருக்கு வந்த படத்தைக் கண்டதும், "எங்கட மருமகள் வெள்ளைக்காரி" என்று ஊரெல்லாம் காட்டித் திரிந்தார். இரண்டு பக்கமும் பார்த்தவன் நான். எந்தப் பக்கத்திலும் ஒரு தூசுக்கு வித்தியாசம் இல்லை.

யூலியாவின் தகப்பன் பீற்றர் வீன்ஸுக்கு எண்பத்தெட்டு வயது. மனுசி செத்த பிறகு கிழவன் செய்த வேலைதான் எல்லாரையும் திகைக்க வைத்தது. மூன்று தட்டு வீடு வைத்திருக்கிற மகனை விட்டுவிட்டு, தொழிற்சாலைக்குப் பின்னால் நாலு அறை வீட்டில் இருக்கிற மகளிடம் பெட்டியோடு வந்து சேர்ந்துவிட்டார். காரணம் கேட்டவர்களுக்கு, "இங்கே சாப்பாடு சுடச்சுட இருக்கிறது" என்றாராம். பெட்டிக்குள் இரண்டு சட்டை, ஒரு வேதாகமம், ஒரு தகரப்பேணி.

அந்தப் பேணியின் கதையைக் கஜன் எனக்குப் பலதரம் சொல்லியிருக்கிறான். அதற்குள் இருப்பது பாண். பந்து போல ஒன்று, அதன் தலையில் இன்னொரு சின்னப் பந்து, அப்படிச் சுட்டு, ஓடுகிற காலத்தில் காய வறுத்து மூட்டை கட்டுவார்களாம். நாற்பத்தோராம் ஆண்டு ரஷ்யாக்காரன் உக்ரேனிலிருந்து இவர்களை மாடு ஏற்றுகிற ரயில் பெட்டியில் ஏற்றிக் கசகஸ்தானுக்கு அனுப்பியபோது, பீற்றரின் தாய் வறுத்துக் கொண்டுபோனதில் ஏழெட்டுத் துண்டு மிச்சம். வருடத்துக்கு ஒருதரம் குடும்பமெல்லாம் கூடி, துணியை அவிழ்த்து, பேணியை மேசையில் வைத்து, ஜெபம் சொல்லி, திரும்பக் கட்டிவைப்பார்கள். ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்குப் பெருகி மிஞ்சியது போல, எங்கள் விசுவாசத்தால் மிஞ்சிய அப்பம் என்று ஹைன்ரிக் பிரசங்கம் வைப்பான். பசியில் போனவர்களுக்கு எப்படி மிச்சம் வந்தது என்று கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கார்த்திகை மாதம், விடிந்தும் விடியாத மாதிரி ஒரு மழைக் காலை. தேத்தண்ணி இடைவேளையில் கஜன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"ரட்ணமண்ணை, ஹைன்ரிக் கோர்ட்டில அன்ராக் குடுக்கப் போறானாம்."

"கோர்ட்டுக்கு மனுவோ? என்னெண்டு?"

"மாமாவுக்கு அறளை பேந்திட்டுதாம். இனி அவருக்குச் சொந்தமா முடிவெடுக்க ஏலாதாம். தன்னைப் பொறுப்பா நியமிக்கச் சொல்லி. அது சரிவந்தால் அடுத்த நாளே சபையின்ர முதியோர் இல்லத்தில கொண்டுபோய் விட்டுடுவான்."

"கிழவனுக்கு அறளை எண்டு ஆர் சொன்னது?"

"ஒருக்கா கோப்பித் தண்ணியை அடுப்பில வச்சிட்டு மறந்து போனார். ஹைன்ரிக்கை யாக்கோப் எண்டு கூப்பிட்டிட்டார். யாக்கோப் மாமாவின்ர தம்பி, சின்ன வயசிலேயே செத்தது."

"நான் என்ர மனுசியை மாறிக் கூப்பிட்டு வாங்கின பேச்சுக்கு என்னை எந்த இல்லத்தில விடுறது?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை. யூலியா ராவு ராவா அழுறாள். பிரசங்கியின்ர தகப்பன், பிள்ளையார் படம் மாட்டின வீட்டில இருக்கிறார் எண்டதுதான் அவனுக்குக் குத்துது. வாற ஞாயிறு பின்னேரம் பெஞ்சாதியோட வந்து கதைக்கப் போறானாம். பேணியையும் கொண்டுபோகப் போறானாம், பழைய பள்ளிக்கூடத்தில காட்சிசாலை திறக்கினமெல்லே, அதுக்கு."

காட்சிசாலை விசயம் ஊருக்கே தெரியும். கசகஸ்தானிலிருந்து வந்த மணிக்கூடு, மரப்பெட்டி, தொட்டில் எல்லாம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நடுக்கூடத்தில் வீன்ஸ் வீட்டுப் பாண் என்று அழைப்பிதழே அடித்தாயிற்று. எளிய சனம் அல்லவா, அழைப்பிதழில் பொன்னெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை கஜனின் தமக்கை ஜெயமலரை நான்தான் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஜெயமலரை இந்தப் பக்கத்துத் தமிழர் எல்லாருக்கும் தெரியும். பிறந்தநாளோ சாமத்தியவீடோ, ரோல்ஸும் கட்லட்டும் அவளிடம்தான். கைப்பக்குவத்தில் குறை சொல்ல ஏலாது. வாயில் சொல்லலாம். இந்த உலகத்தில் ஒழுங்காகச் சமைக்கத் தெரிந்த ஒரே ஆள் தான் என்று முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா," என்று கஜன் வாசலிலேயே மறித்தான், "அவையள் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டமாட்டினம். கோப்பி, பாண், ஜாம், சீஸ், அவ்வளவுதான் வைக்கிறது. அதுக்கு ஃபாஸ்பா எண்டு பேர். நீங்கள் ஒண்டும் பொரிக்க வேண்டாம்."

"அடுப்பு மூட்டாத விருந்தோ? செத்தவீட்டிலதான்ரா அடுப்பு மூட்டாமல் இருக்கிறது."

"அது அவையின்ர முறை அக்கா."

"அவையின்ர முறையை அவையின்ர வீட்டில வச்சிருக்கச் சொல்லு. தகப்பனைப் பறிச்சுக்கொண்டு போக வாறவங்களுக்கு நீ காஞ்ச பாணும் ஜாமும் குடுத்தியெண்டால் என்ன சொல்லுவாங்கள்? தமிழன்ர வீட்டில ஐயாவுக்கு ஒழுங்கான சாப்பாடு இல்லை எண்டுவாங்கள். விலகு."

யூலியா குறுக்கே வந்தாள். அவள் பேசுகிற தமிழ் ஜெயமலரிடம் படித்த தமிழ், அதே அதட்டலோடு வரும்.

"மச்சாள், செய்யுங்கோ. அப்பாவுக்கு விருப்பம். ஹைன்ரிக்குக்கு விருப்பம் இல்லாட்டி வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும்."

கிழவன் குசினிக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு அதுதான் இடம். யூலியாவும் கஜனும் கதிரை காணாதென்று பக்கத்து வீட்டுக்கு இரவல் வாங்கப் போனார்கள். ஜெயமலர் என்னை வெங்காயத்தோடு பின்வாசலுக்குத் துரத்தினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் தாவாரத்தில் நின்று கண்ணீரும் கம்பலையுமாக வெங்காயம் உரித்தேன். உள்ளே உருளைக்கிழங்கும் தகரமீனும் கறிவேப்பிலையும் தாளிக்கிற வாசம், ஜெயமலர் தானே தனக்குப் பேசுகிற சத்தம்.

"ஐயோ, ரஸ்க் தூள் முடிஞ்சுது! ரட்ணமண்ணை, காரில இன்னொரு பை கிடக்கோ பாருங்கோ."

பார்த்தேன், இல்லை. பாதி ரோல்ஸ்தான் தூளில் பிரட்டி முடிந்திருந்தது. மிச்சம் முட்டையில் தோய்ந்து பல்லிளித்துக்கொண்டு கிடந்தது. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை ரஸ்க் தூள் வாங்குவதும் ஆனையிறவு உப்பளத்தில் ஐஸ்கிறீம் வாங்குவதும் ஒன்றுதான். கடையெல்லாம் பூட்டு. நான் திரும்ப வெங்காயத்துக்குப் போனேன். ஜெயமலர் அலுமாரி அலுமாரியாகத் திறந்து அடிப்பது கேட்டது. பிறகு கிழவனிடம் ஜெர்மனில் கேட்டாள், "காய்ந்த பாண் ஏதும் இருக்கா ஐயா? காய்ந்தது?" கதிரை இழுபட்டது, அறைக் கதவு திறந்து சாத்தியது. பிறகு சப்பாத்திக் கட்டையால் அடிக்கிற சத்தம். அதுக்குப் பிறகு மிக்ஸி கல்லரைக்கிற மாதிரி ஓலமிட்டது.

நான் உள்ளே வந்தபோது ரோல்ஸெல்லாம் தூளில் பிரண்டு வரிசையாகக் கிடந்தன. மேசையில் மூடி திறந்த ஒரு பழைய தகரப்பேணி. கிழவன் மடியில் ஒரு பழுப்புத் துணியை வைத்து, மூலைக்கு மூலை சரியாக மடித்துக்கொண்டிருந்தார்.

"எடியே, இது என்ன பேணி?"

"ஐயா கொண்டுவந்து தந்தவர். அறைக்குள்ள போய் எடுத்துக்கொண்டு வந்து, எடு எண்டு முன்னால வச்சார். நல்லாக் காஞ்சிருக்கு, ஒரு புழுப் பூச்சி இல்லை. ஆனால் கல்லு. என்ர மிக்ஸி போயிட்டுது எண்டு நினைச்சன்."

"இதென்ன எண்டு தெரியுமோ உனக்கு?"

சொன்னேன். ஜெயமலர் கையிலிருந்த அகப்பையை வைத்தாள். பேணியைப் பார்த்தாள், கிழவனைப் பார்த்தாள். அவர் சட்டியைக் காட்டி, எண்ணெய் புகைகிறது என்று சைகை செய்தார். அவள் என்ன செய்வாள்? போட்டுப் பொரித்தாள்.

நாலு மணிக்கு ஹைன்ரிக்கும் பெண்சாதியும் வந்தார்கள். அவன் மேசையைப் பார்த்ததும் முகத்தில் ஒரு பரிதாபச் சிரிப்பு. "ஞாயிற்றுக்கிழமை அடுப்பு வேலையா? பரவாயில்லை, தெரியாதவர்கள்தானே" என்றான். தெரியாதவர்கள் என்று சொல்லிக்கொண்டே ஒரு ரோல்ஸ் எடுத்தான். அதன் பிறகு இன்னும் மூன்று. ஃபாஸ்பா, ஓய்வுநாள் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன்கோயில்.

"மேல்தோல் நன்றாக மொறுமொறுவென்று இருக்கிறது" என்றாள் பெண்சாதி.

ஜெயமலருக்குப் புரையேறியது. நான் கோப்பிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தேன். கிழவன் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி, மெல்ல மெல்லத் தின்றார். பிறகு உறைப்புக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று எடுத்தார். தின்று முடிய, மேசைக்கு நேரே தெரிகிற முன்னறைச் சோபாவில் போய்ச் சாய்ந்து, காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

அதற்குத்தான் ஹைன்ரிக் காத்திருந்தான். வாயைத் துடைத்துக்கொண்டு தொடங்கினான்.

"யூலியா, அப்பாவின் புத்தி கலங்கிக்கொண்டு வருகிறது. அடுப்பை மறக்கிறார். என்னை யாக்கோப் என்கிறார். இனிமேல் பெறுமதியான பொருளைக்கூட யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார். அப்படி ஒன்று நடந்தால் எந்த நீதிபதியும் ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்து வைப்பார்."

"அவர் தெளிவாக இருக்கிறார்" என்றாள் யூலியா. "என் வீட்டில் சந்தோசமாக இருக்கிறார். அவரை இல்லத்தில் விட்டால் ஒரு மாதம் தாங்கமாட்டார், உனக்கே தெரியும்."

"கர்த்தருடைய சித்தம்" என்று சொல்லிவிட்டு ஹைன்ரிக் பேணியை எடுக்க அறைக்குப் போனான். அதைத்தான் ஜெயமலர் கழுவித் துடைத்துத் துணியும் சுற்றித் திரும்ப வைத்திருந்தாள். கையில் எடுத்ததும் பாரம் இல்லை. அவன் போட்ட சத்தத்தில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வந்து மேசையில் வெறும் பேணியை அடித்து வைத்தான். "எங்கே? யார் எடுத்தது? அப்பாவா?"

யூலியா வெளுத்துப்போனாள். கஜன் என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்கப் போக, ஜெயமலர் மேசைக்குக் கீழே என் தொடையில் கிள்ளினாள். பிறகு எழுந்து நின்றாள். அவளுடைய ஜெர்மன் முறிந்த ஜெர்மன், ஆனால் யாருக்கும் விளங்கும்.

"நான் எடுத்தேன். அறைக்குப் போனேன், திறந்தேன், பழைய பாண் என்று நினைத்தேன். அரைத்தேன். ஐயாவுக்குத் தெரியாது."

"அரைத்தாயா?"

"நீங்கள் சாப்பிட்டீர்கள். மொறுமொறு என்றீர்கள்."

பெண்சாதி கையில் பாதி கடித்த ரோல்ஸ் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தெரியாமல், விழுங்கவும் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹைன்ரிக் கத்தினான். காட்டுமிராண்டிகள் என்றான், இவர்களுக்குப் புனிதம் என்று ஒன்று இல்லை என்றான், தங்கச்சி பன்றிகளுக்கு முன் முத்தைப் போட்டாள் என்றான். ஜெயமலர் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. பேணியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். மீன்காரன் ஒரு துண்டு குறைத்து வெட்டினாலே சந்தியில் வைத்துக் கிழிக்கிற பெண். அவள் அப்படி நின்றாள்.

கத்தி ஓய்ந்த பிறகு ஹைன்ரிக்கின் முகம் மாறியது. காட்சிசாலைத் திறப்பு விழா அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பொன்னெழுத்தும் பத்திரிகைக்காரரும் நினைவு வந்திருக்க வேண்டும். பெண்சாதியோடு தங்கள் பேச்சு மொழியில் குசுகுசுத்தான். பிறகு எங்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"இவள் புதிதாகச் சுடுவாள். இரண்டுதரம் வறுத்துத் தேயிலைச் சாயத்தில் தோய்த்தால் வித்தியாசம் தெரியாது. இங்கே இருக்கிறவர்கள் தவிர ஒருவருக்கும் தெரியக்கூடாது. அப்பாவுக்கும். நீங்கள் வாயைத் திறக்காதவரை நான் அந்த அன்ராக்கைக் கொடுக்கமாட்டேன். இந்தப் பெண் இனி இந்தக் குசினிக்குள் கால் வைக்கக்கூடாது."

யூலியா கஜனைப் பார்த்தாள். கஜன் நிலத்தைப் பார்த்தான்.

"நான் உங்களிடம் சத்தியம் கேட்கவில்லை" என்றான் ஹைன்ரிக். "நாங்கள் சத்தியம் பண்ணுவதில்லை. உங்கள் ஆம் ஆமாக இருந்தால் போதும்."

சத்தியம் பண்ணாமலே இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

காரில் வரும்போது ஜெயமலரோடு சண்டை பிடித்தேன்.

"உனக்கென்ன விசரோ? கிழவன்தான் தந்தது எண்டு சொன்னால் என்ன? எல்லாரிட்டையும் பேச்சு வாங்கிக்கொண்டு மரம் மாதிரி நிண்டாய்."

"நீங்கள் ஒரு மோட்டு மனுசன் அண்ணை. அவன் முன்னமே சொன்னதைக் கேக்கேல்லையோ? பெறுமதியான சாமானைத் தூக்கிக் குடுக்கிற அளவுக்கு அறளை எண்டு சொல்லத்தானே அவன் காத்துக்கொண்டு இருந்தவன். ஐயாதான் தந்தார் எண்டு நான் வாய் திறந்திருந்தால், அவரை இண்டைக்கே கொண்டு போயிருப்பான்."

"அதுக்கு நீ காட்டுமிராண்டிப் பட்டம் வாங்கோணுமோ?"

"அவன் தந்த பட்டம் எனக்கென்ன, பட்டதாரிப் பட்டமோ மாட்டி வைக்க?" பின்சீற்றில் வைத்த தூக்குச்சட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு அந்தப் பெட்டையின்ர முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சு. யூலியின்ர. தகப்பனை விட்டா அவளுக்கு அந்தப் பக்கத்தில ஆர் இருக்கினம்?"

அவளை நான் முப்பது வருடமாக வாயாடி என்றே நினைத்திருந்தேன். அதை மாற்றவில்லை. ஆனால் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டபோது, தூக்குச்சட்டியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

மார்கழி முதல் சனிக்கிழமை காலை காட்சிசாலை திறப்பு. மழையும் பனியும் கலந்து விழுந்தது. பழைய பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை அடித்து, விளக்குப் போட்டு, நாலு சாதி கேக்கும் வைத்திருந்தார்கள். ஜெயமலருக்குக் குசினிதானே தடை, காட்சிசாலை இல்லையே. நல்ல சேலை கட்டி, மேலே பெரிய குளிர்க்கோட்டுப் போட்டு, என்னோடு வந்து பின்வரிசையில் இருந்தாள். நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டி. வெல்வெட் துணியில் ஏழெட்டுப் பாண், மேலிருந்து மஞ்சள் வெளிச்சம். கீழே பலகையில், 'வீன்ஸ் குடும்பம், 1941.' தேயிலைச் சாயம் நல்லாகத்தான் பிடித்திருந்தது. பெண்கள் அதற்கு முன்னால் நின்று கண் துடைத்தார்கள். ஒரு கிழமைக்கு முந்தி அடுப்பிலிருந்து இறங்கிய பாணுக்கு முன்னால்!

முன்வரிசையில் கிழவன், யூலியா, கஜன். கிழவன் காதுக்கருவி போட்டிருந்தார்.

ஹைன்ரிக் ஏறிப் பேசினான். பெருகிய அப்பம், விசுவாசம், தாழ்மை எல்லாம் வந்தது. பிறகு, "இந்தப் புனிதப் பொருளுக்குச் சாட்சி யார் என்று நீங்கள் கேட்கலாம்" என்று கையை நீட்டினான். "அதோ என் தகப்பனார். அந்த ரயிலில் போனவர்களில் உயிரோடு இருக்கிற கடைசி மனிதர். எண்பத்தெட்டு வயது. எண்பது வருடத்துக்கு முந்தி நடந்ததை நேற்று நடந்தது போலச் சொல்லுவார். அவருடைய நினைவில் ஒரு கீறல்கூட இல்லை. அவருடைய ஆம் ஆம்தான், இல்லை இல்லைதான்."

கை தட்டினார்கள். கஜன் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் இருந்தது பயமா சிரிப்பா என்று தெரியவில்லை.

பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி ஒலிவாங்கியைக் கிழவனிடம் கொண்டுபோனாள். "திரு. வீன்ஸ், இது உங்கள் அம்மாவின் கையால் சுட்ட பாண்தானே?"

கிழவன் எழுந்தார். யூலியா அவருடைய கையைப் பிடித்தாள். அவர் கண்ணாடிப் பெட்டிக்குக் கிட்டப் போய், குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெளியே பனித்தண்ணி பீலியில் ஓடுகிற சத்தம் கேட்டது. ஹைன்ரிக் சிரித்த முகத்தோடு நின்றான். என் பக்கத்தில் ஜெயமலர், "பிள்ளையாரே, ஓம் எண்டு சொல்ல வை" என்று முணுமுணுத்தாள். ஓம் என்றால் கிழவன் மகளோடு இருப்பார், பொய் கண்ணாடிக்குள் இருக்கும், அவ்வளவுதான்.

"இல்லை" என்றார் கிழவன்.

"மன்னிக்கவும்?"

"இல்லை. அம்மாவின் பாண் இப்படி வடிவாக இருக்காது. மா காணாது. தலை ஒருபக்கம் சரிந்திருக்கும்." நிமிர்ந்தார். "அது பெருகி மிஞ்சியதும் இல்லை. என் தம்பி யாக்கோபுக்குக் காய்ச்சல். அவனுக்கென்று அம்மா ஒளித்து வைத்தா. நான் பசியில் அழுதேன், எனக்குத் தரவில்லை. அவன் தின்னாமலே வண்டிக்குள் செத்துப்போனான். அதற்குப் பிறகு அதைத் தின்ன ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதில் அற்புதம் ஒன்றும் இல்லை."

"அப்படியென்றால் அது இப்போது எங்கே?"

"போன மாதம் என் மகள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். அவளுடைய மச்சாள் சமைத்தாள். காய்ந்த பாண் இருக்கா என்று என்னிடம் கேட்டாள். நான் போய் எடுத்துக் கொடுத்தேன். என்ன கொடுக்கிறேன் என்று தெரிந்துதான் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு." கொஞ்சம் யோசித்தார். "எண்பது வருடம் தின்னாமல் வைத்திருந்தால் பாணுக்கு மரியாதையா? நான் தின்றேன். ஹைன்ரிக்கும் தின்றான். அவன் நாலு தின்றான்."

ஹைன்ரிக் ஒரு அடி முன்னுக்கு வந்தான். "அப்பாவுக்கு வயது போய்..." என்று தொடங்கினான். பத்திரிகைக்காரி ஒலிவாங்கியை அவன் பக்கம் திருப்பினாள். கூடத்திலிருந்த அத்தனை தலையும் திரும்பியது. ஒரு கீறல்கூட இல்லாத நினைவு என்று அவன் சொல்லி இன்னும் வாய் காயவில்லை. வாயைத் திறந்தான், மூடினான். திரும்பத் திறந்தான். கரைக்கு இழுத்துப்போட்ட மீனைப் பாஷையூரில் நிறையப் பார்த்திருக்கிறேன். சிரித்தேன், மறைக்காமல், பல் தெரியத்தான் சிரித்தேன்.

எந்த நீதிபதியிடம் போய் இனி இவன் அறளை என்று சொல்லுவான்? சாட்சிக்கு ஊரையே கூட்டி வைத்துவிட்டு அல்லவா சொன்னான்.

யூலியா தகப்பனுக்குக் குளிர்க்கோட்டை மாட்டினாள். அழுதுகொண்டே மாட்டினாள், பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. கிழவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்வரிசைக்கு வந்து, ஜெயமலருக்கு முன்னால் நின்றார்.

"நீ ஏன் உன் மேல் போட்டுக்கொண்டாய்?" என்று ஜெர்மனில் கேட்டார். "நான் தூங்கவில்லை. காது கேட்காது, கண் தெரியும். நீ எழுந்து நின்றதைப் பார்த்தேன்."

ஜெயமலருக்கு ஜெர்மனும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

"இன்றைக்கு அந்த மீன் வைத்துப் பொரித்தது இருக்கா?" என்றார் கிழவன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். கைப்பையைத் தோளில் எறிந்தாள். ஒரு நொடியில் பழைய ஜெயமலர் வந்துவிட்டாள்.

"கஜன், ஐயாவை உன்ர காரில ஏத்து. யூலி, நீ போய் உருளைக்கிழங்கை அவியப் போடு, தோலோட போடு. ரட்ணமண்ணை, நீங்கள் என்ன பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறியள்? நடவுங்கோ, கடைக்குப் போகோணும். இண்டைக்குச் சனிக்கிழமைதானே, ரஸ்க் தூள் வாங்கலாம்."